முனியப்பன் நாவல் மரமும் 587 சில்வர் ஓக்கும்

2009-ஆம் வருஷம் என் சித்தப்பா ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கிற தன் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டத்தில் 14 மரங்களை விற்றார். பலா, அத்தி, நாவல், சந்தன வேம்பு என்று கலந்து நின்ற நிழல் மரங்கள். தாத்தா அந்த நிலத்தை வாங்கும்போதே அவை பெரிசாக இருந்தனவாம். திருட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை, எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் வெட்டினார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், முந்தின ரெண்டு வருஷமும் பூ மழை ஏமாற்றியதில் காய்ப்பு இல்லை, வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. அந்த ஆடி மழையிலேயே 600 சில்வர் ஓக் கன்று வாங்கி நட்டுவிட்டார். எனக்கு அப்போது 26 வயசு, சூடான ரத்தம். கல்யாணத்துக்குப் போனேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அவரோடு மட்டும் பேசவில்லை. அப்படியே ஒரு ரெண்டு வருஷம் ஓடியது. அப்புறம் பேச்சு வந்துவிட்டது, ஆனால் மலைக்குப் போகும்போதெல்லாம் அந்த மரங்கள் நின்ற மேல்பாத்தியைப் பார்த்தால் வயிற்றில் ஏதோ புரளும்.

வெட்டாமல் விட்டது ஒரே ஒரு நாவல் மரம். ஊற்று ஓரமாக நிற்கிறது. அதன் அடியில் முனியப்பன் கல் இருக்கிறது, சித்தி குறுக்கே நின்றுவிட்டார். "அதுல கை வச்சீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொன்னதாகக் கேள்வி. எந்தச் சட்டமும் காப்பாற்றாத மரத்தை ஒரு கல்லும் சித்தியும் சேர்ந்து காப்பாற்றினார்கள்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஜவ்வரிசி மில், கொலுசுப் பட்டறை, விசைத்தறி, இதெல்லாம் என் நாள்பொழுது. மரம், பருவநிலை பற்றிய படிப்பு எதுவும் கிடையாது. ஆனால் யார் எந்த அறிக்கையை வெளியிட்டாலும் அதன் பின்பக்கத்துப் பட்டியலைப் போய்ப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. 2024 டிசம்பர் கடைசியில் பத்து நாள் இடைவெளியில் ரெண்டு அறிக்கை வந்தன. ஒன்று, இந்திய வன அளவை நிறுவனம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற காடுகளின் நிலை அறிக்கை. இன்னொன்று, நம் நாட்டின் உமிழ்வுக் கணக்கை ஐ.நா.வுக்கு அனுப்புகிற அறிக்கை. ரெண்டையும் இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தேன். அங்கேதான் இந்த நமைச்சல் ஆரம்பித்தது.

மேலிருந்து பார்த்தால்

பாரிஸ் ஒப்பந்தத்துக்காக 2015-இல் இந்தியா கொடுத்த வாக்குறுதியில் எண்ணாகச் சொல்லப்பட்டவை மூன்று. பொருளாதாரத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியேறும் புகையைக் குறைப்பது, மின் உற்பத்தித் திறனில் நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராததன் பங்கைக் கூட்டுவது, காடும் மரமும் வளர்த்து 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைச் சேமிப்பது. முதல் ரெண்டையும் 2022 ஆகஸ்டில் உயர்த்தினார்கள், மூன்றாவதை மட்டும் அப்படியே விட்டார்கள். வன அறிக்கை சொல்வது இந்த மூன்றாவதைத்தான்: 2005-ஐவிட 229 கோடி டன் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. நாட்டின் பரப்பில் காடும் மரமும் சேர்த்து 25.17 சதவீதம். கிட்டத்தட்ட இலக்கைத் தொட்டாயிற்று என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

காடு என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கர் அளவுக்குக் குறையாத இடம். அதில் மரக்கிளைகளின் நிழற்பரப்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது காட்டுப் பரப்பு. யாருக்குச் சொந்தம், என்ன மரம், நட்டதா தானாக முளைத்ததா, எதுவும் கேள்வி இல்லை. தோப்பும் கணக்கு, மூங்கிலும் கணக்கு, காப்பித் தோட்டமும் கணக்கு. செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். அந்தப் புள்ளிக்குள் நிற்பது முனியப்பன் நாவலா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கா என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. இதில் மோசடி ஒன்றும் இல்லை. 10 முதல் 30 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்பது உலக நாடுகள் சேர்ந்து ஒத்துக்கொண்டதுதான். நாம் அடிமட்டத்தில் போட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். மில்லில் வருஷக் கடைசி இருப்பு எடுக்கும்போது கிடங்குக்குள் போகாமல் கேட்டிலிருந்தே மூட்டையை எண்ணிக்கொண்டு போகிற ஆட்களை எனக்குத் தெரியும். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். மூட்டைக்குள் மாவா தவிடா என்பது வேறு விஷயம்.

சரி, அதற்கு என்ன அர்த்தம்? 2009-இல் என் சித்தப்பா வெட்டிய 14 மரங்களுக்காக நான் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். நாட்டின் கணக்கில் அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. அன்றைக்கும் காடு, இன்றைக்கும் காடு. இடையில் ஓரிரு வருஷம் அடர்த்தி குறைந்ததாகக் காட்டியிருக்கலாம், அதுவும் சந்தேகம்தான், கீழ்ப்பாத்தி மரங்கள் நின்றுகொண்டுதானே இருந்தன.

இதை அவரிடம் போய்ச் சொன்னேன், அதுதான் நான் செய்த தப்பு. தைப் பொங்கலுக்கு மேலே போயிருந்தபோது, களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்க, குத்துக்காலிட்டுச் சிதறின கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார். முடித்ததும் நிமிர்ந்து, "அப்ப நான் நாட்டுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன், நீதான் கண்ணு புரியாம மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்திருக்க" என்றார். சித்தி உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

டேப்பும் நோட்டும்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேலிருந்து எண்ணினால்தானே இப்படி, கீழே நின்று எண்ணிக் காட்டுகிறேன் என்று துணிக்கடை டேப் ஒன்றும் நூறு பக்க நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பழைய மரங்கள் வைத்திருந்த கரியில், அதாவது கார்பனில், கால்வாசிகூட இந்தச் சில்வர் ஓக்குகளில் இருக்காது என்று எனக்கு நிச்சயம். மேஸ்திரியின் பேரன், பத்தாவது படிக்கிறவன், லீவில் சும்மா இருந்தான், அவன் டேப்பைச் சுற்றிப் பிடிக்க நான் எழுதினேன். நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து நாலரை அடியில், சுற்றளவு எடுக்க வேண்டும். சில்வர் ஓக்கில் அது லேசில்லை, பாதிக்கு மேற்பட்ட மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, கொடியை விலக்கிவிட்டு அதன் அடியில் டேப்பை நுழைக்க வேண்டும். அட்டை வேறு. நாலு நாள் ஆனது. 600-இல் பிழைத்திருப்பது 587.

ஒரு மரத்தை மட்டும் சொல்கிறேன், என் நோட்டில் 117-ஆம் நம்பர். சுற்றளவு 92 சென்டிமீட்டர், உயரம் உத்தேசமாக 15 மீட்டர். மேலே போகப்போகச் சிறுக்கும் என்பதைக் கழித்தால் கட்டை அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஈரம் போக எடை சுமார் 230 கிலோ. காய்ந்த மரத்தில் ஏறத்தாழப் பாதி கரி, ஆக 115 கிலோ. கரி எரிந்து வாயுவாகும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடும், 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 420 கிலோ கரியமில வாயு. பதினைந்து வருஷத்தில் ஒரு மரம் காற்றிலிருந்து எடுத்து உள்ளே பூட்டி வைத்தது இவ்வளவு. அப்படியே எல்லா மரத்துக்கும் போட்டேன். மொத்தம் 235 டன் வந்தது.

அடுத்து, வெட்டிய 14 மரம். சித்தப்பா எதையும் தூக்கிப்போடாத ஆள், மர வியாபாரி 2009-இல் எழுதிக் கொடுத்த கன அடிச் சீட்டைப் பத்திரத்தோடு வைத்திருந்தார். அதை வைத்துப் போட்டேன். கிளை, வேர் எல்லாம் தாராளமாகச் சேர்த்துப் போட்டேன், மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் கூடச் சேர்த்தேன். நூறு டன்னைத் தாண்டவில்லை.

களத்து மேட்டில் உட்கார்ந்து மூன்று தடவை கூட்டினேன். கணக்குத்தான் என் பிழைப்பு, தப்பு இல்லை. நான் எதை நிரூபிக்க டேப் எடுத்தேனோ அதற்கு நேர் எதிராக வந்து நின்றது கூட்டுத்தொகை. மண்ணுக்குள் இருக்கிற கரியை நான் அளக்கவில்லை, அது உண்மை, ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கிறது பரீட்சையில் தோற்றவன் பேனாவைக் குறை சொல்வது மாதிரி. கரி ஒன்றுதான் கேள்வி என்றால் சித்தப்பா ஜெயித்துவிட்டார். அதுமட்டுமா, வெட்டிய பலாவில் ஒன்று அவர் வீட்டு முன்கதவாக நிற்கிறது, அதிலிருக்கிற கரி இன்னும் காற்றுக்குப் போகவே இல்லை. 15 வருஷமாக அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்த்தான் நான் அவரை முறைத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊற்றுப் பக்கம் போய் நாவலையும் அளந்தேன். சுற்றளவு பத்து அடி, எனக்கும் பையனுக்கும் கை எட்டவில்லை. மரம் ஒன்று, அதற்குள் ஏறக்குறைய 10 டன். எனக்கு அந்த மரத்தடியில் நின்றபோதுதான் என் கோபம் கரியைப் பற்றியதே இல்லை என்று உறைத்தது. நாவல் பழுக்கிற மாசத்தில் அங்கே ராத்திரி தூங்க முடியாது, வௌவால் அவ்வளவு சத்தம். அத்தி காய்த்தால் எங்கிருந்தெல்லாமோ பறவை வரும். மேல்பாத்தியில் இப்போது மத்தியானத்தில் நின்றால் ஒரு சத்தம் கிடையாது. சில்வர் ஓக் சருகு லேசில் மக்காது, காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெயில் கூடின இடத்தில் அரபிகாவுக்குத் தண்டுத் துளைப்பான் வந்து, வருஷம் முப்பது நாற்பது செடியைப் பிடுங்கி எரிக்கிறார்கள். ஊற்றில் பங்குனிக்குப் பிறகு தண்ணீர் இல்லை, அதற்கு மரம்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முன்பு இருந்தது. இதில் எதற்கும் அந்த மூன்று வாக்குறுதிகளில் ஒரு கட்டம்கூட இல்லை. கட்டம் இல்லாததால் என் வருத்தத்தையெல்லாம் கரி என்கிற கட்டத்தில் கொண்டுபோய்த் திணித்திருந்தேன்.

அடிவாரத்திலிருந்து எட்டாவது வளைவு வரை

மறுநாள் கீழே இறங்குகிற வழியில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் வண்டியை நிறுத்தினேன். சேலம் முழுக்கக் கீழே கிடக்கிறது. பனி இல்லாத நாளில் மேற்கே மேட்டூர் அணைகூடத் தெரியும் என்பார்கள், அன்றைக்கு ஒரே மங்கல். அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த கணக்கு மண்டைக்குள் ஓடியது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் பழையது 210 மெகாவாட்டில் நாலு, புதியது 600 மெகாவாட்டில் ஒன்று. புதியதை மட்டும் எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 6 லட்சம் யூனிட். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு போகும். மணிக்கு 600 டன், நிமிஷத்துக்கு 10 டன்.

முனியப்பன் நாவல் ஒரு நிமிஷம். அந்த மரம் நூறு வருஷமோ நூற்றைம்பதோ நின்று சேர்த்தது. சித்தப்பாவின் 587 மரமும் சேர்ந்து 24 நிமிஷம். அடிவாரத்துச் செக்போஸ்ட் தாண்டி பஸ் எட்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். 2009 முழுக்க நான் யார்மீது கோபப்பட்டேன் என்று நினைத்தால் சிரிப்பாக இருந்தது. அந்த மின்சாரத்தில் ஓடுகிற ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் கோபப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து இதையே நாட்டின் அளவில் போட்டுப் பார்த்தேன். ஐ.நா.வுக்கு அனுப்பிய அறிக்கையில் 2020-ஆம் வருஷத்து உமிழ்வு, மரம் உறிஞ்சியதைக் கழிக்காமல், 295.9 கோடி டன். ஊரடங்கு வருஷம் அது, முந்தின வருஷத்தைவிட 7.93 சதவீதம் குறைவு. காட்டிலும் மரத்திலும் 2005-க்குப் பிறகு கூடுதலாகச் சேர்ந்தது 229 கோடி டன். அதாவது பதினெட்டு வருஷமாக நாடு முழுக்க மரம் சேர்த்த கூடுதல் இருப்பு, மில்லெல்லாம் பூட்டிக் கிடந்த ஒரு வருஷத்துப் புகைக்குக்கூடக் காணாது. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்து நான் எங்கேயும் பார்த்ததில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ரெண்டுமே கோடிக்கணக்கு, ரெண்டுமே பெரிசாகத்தான் தெரியும்.

மற்ற ரெண்டு இலக்கிலும் நாம் மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. ரூபாய்க்கு இவ்வளவு புகை என்கிற கணக்கு 2005-லிருந்து 2020-க்குள் 36 சதவீதம் குறைந்திருக்கிறது, 2030-க்குள் 45 என்பது இலக்கு. மின் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராததாக இருக்க வேண்டும் என்பதை 2025-லேயே, ஐந்து வருஷம் முன்னாடியே, எட்டிவிட்டோம். மொத்தம் 484.8 கிகாவாட்டில் 242.8. அந்தச் செய்தி வந்த அன்று ஆபீஸில் இனிப்பு கொடுக்காத குறைதான், தம்பி ஒருத்தன் "அப்ப பாதி கரன்ட்டு சோலார்தானா சார்" என்று கேட்டான். இல்லையப்பா. நம்ம ஜவ்வரிசி மில்லில் பத்து மெஷின் இருக்கு, அஞ்சு புதுசு அஞ்சு பழசு. புதுசு பகலில், அதுவும் வெயில் அடித்தால்தான் ஓடும், பழசு ராத்திரி பகலாக ஓடும். மெஷினை எண்ணினால் பாதிக்குப் பாதி. மூட்டையை எண்ணினால் நாலில் மூணு பங்கு பழசில் அரைத்தது. நாட்டிலும் அப்படித்தான், எடுக்கிற மின்சாரத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி இன்னும் நிலக்கரி. அதற்காக அந்த அஞ்சு புது மெஷினைப் பொய் என்று சொல்ல முடியாது. வாங்கிப் போட்டிருக்கிறார்கள், ஓடுகிறது. தலைக்கு இவ்வளவு புகை என்று பார்த்தால் நாம் அமெரிக்காக்காரன் விடுவதில் ஐந்தில் ஒரு பங்குகூட விடுவதில்லை, அதையும் மறந்துவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

என் குறை ஒன்றே ஒன்றுதான். 2070-இல் நிகர பூஜ்ஜியம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் சொல்லிவிட்டு வந்தோம். கணக்கு எழுதுகிறவனுக்கு அதில் முக்கியமான சொல் பூஜ்ஜியம் இல்லை, நிகரம். நிகரம் என்றால் கழித்தல் இருக்கிறது, கழிக்கிற இடத்தில் மரம் நிற்கிறது. எங்கள் ஆபீஸுக்கு வருகிற வெள்ளைக்கல் (மாக்னசைட்) சூளைக் கணக்கில் ஒரு டன் கல்லைச் சுட்டால் பாதிக்கு மேல் வாயுவாகக் காற்றில் போய்விடும், அதைச் சேதாரம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். யாரும் கேட்க மாட்டார்கள். மரம் அந்த மாதிரி ஒரு வரியாக ஆகிவிடுமோ என்றுதான் பயம். என்ன மரம் என்று கேட்காமல், 10 சதவீத நிழல் போதும் என்று எண்ணிக்கொண்டே போனால், ஒரு பக்கம் ஊற்றோரத்து மரமும் காப்பாற்றப்படாது, இன்னொரு பக்கம் மேட்டூர்ப் புகையையும் அது ஈடுகட்டாது. தமிழ்நாட்டிலும் 2022-இல் பசுமை இயக்கம் ஆரம்பித்து, காடும் மரமும் 33 சதவீதத்துக்குப் போக வேண்டும் என்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். எந்தக் கன்று நடுகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை.

சித்தப்பாவிடம் தோற்றுவிட்டேன் என்று நேராகவே சொன்னேன். 24 நிமிஷக் கணக்கையும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "பதினஞ்சு வருஷம் வளத்தது பஸ்ஸு பாதி மலை ஏறக்குள்ள போயிடுமா? நீ போட்ட கணக்கு தப்பு" என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருக்கிறார்.

போன மாசம் போன் பண்ணினார். பேத்திக்குக் கல்லூரிச் செலவு, சில்வர் ஓக்கை ப்ளைவுட்டுக்கு விலை பேசுகிறாராம். வியாபாரி மேலே வந்து எல்லா மரத்தையும் சுற்றளவு எடுக்க ரெண்டு ஆள் கூலி கேட்கிறானாம்.

"கண்ணு, நீ பொங்கலுக்கு எழுதினியே ஒரு நோட்டு, அதுல ரெண்டரை அடிக்கு மேல எத்தனை இருக்குன்னு பாத்துச் சொல்றியா? இல்லாட்டி நோட்டையே எடுத்துக்கிட்டு வந்துரு."

நோட்டு மேஜை மேல்தான் இருந்தது. எண்ணினேன், 412. நாவல் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதியிருந்தது, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.